மாத்திரை பார்த்த வேலை

எங்கள் போதை மீட்பு மையத்துக்குப் புதிதாக வரும் குடும்பங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமைதான் வரும். சனிக்கிழமை மாலை கூலி கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஏதாவது நடக்கும். திங்கள் காலை அம்மா பையனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். பையன் மறுத்தால் அவர் மட்டும் வருவார். முந்தானையில் முடிந்திருந்த கைக்குட்டையை எடுத்து மேசைமேல் பிரிப்பார். உள்ளே காலி மாத்திரை அட்டை இருக்கும், அல்லது கரி பிடித்த வெள்ளித் தாள், அல்லது மூடி இல்லாத ஊசி. "இது இன்னாதுன்னு நீங்களே சொல்லுங்க மேடம்" என்பார். அது என்னவென்று அவருக்குத் தெரியும். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்றுதான் கேட்கிறார்.

வட சென்னையில் இந்த மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். சமூகப் பணி படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவள். மீன்பிடித் துறைமுகத்தில் பெட்டி தூக்குகிறவர்கள், பெயின்டர்கள், கேட்டரிங் பையன்கள், கல்லூரி மாணவர்கள், கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் எங்களிடம் வருகிறார்கள். வசதியான வீட்டினர் காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள். அவர்கள் கைப்பையில் இருப்பதும் அதே காலி அட்டைதான். இங்கே நான் சொல்லப்போகும் யாரையும் அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்.

இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான்: போதை, அதைப் போடுகிறவருக்கு ஏதோ ஒரு வேலை பார்த்துக் கொடுக்கிறது. அந்த வேலை என்னவென்று தெரிந்துகொள்ளாமல் அதைப் பிடுங்கினால், அது திரும்பி வரும். அதனால் புதிதாக வருகிறவரிடம் "எத்தனை நாளா போடுறே, எவ்வளவு போடுறே" என்று கேட்பதோடு நான் நிறுத்துவதில்லை. "அது போட்டா உனக்கு என்னப்பா சரியாகுது?" என்று கேட்பேன். பலர் நிமிர்ந்து பார்ப்பது அந்தக் கேள்விக்குத்தான். அதுவரை அவர்களிடம் யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு பெயின்டர் வந்தார். 23 வயது. உயரமான அடுக்குமாடிகளின் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவர். மேலே கயிறு கட்டி, அதில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து வேலை. "மொத நாள் எறங்கும்போது காலு ரெண்டும் ஆடிக்கினே இருந்துச்சு மேடம். கூட வேல செய்ற அண்ணன் ஒரு மாத்திர குடுத்தாரு. போட்டதும் பயமும் தெர்ல, இடுப்பு வலியும் தெர்ல. சாயங்காலம் வரிக்கும் அடிச்சேன்" என்றார். அவருக்கு அந்த மாத்திரை பயத்தை அடக்கியது. நாள் கூலி நிற்காமல் பார்த்துக்கொண்டது. வீட்டுக்கு ஒழுங்காகப் பணம் வந்ததால் ஒரு வருடம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இன்னொரு பையன் பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். கஞ்சா. முதல் நாள் எதுவும் பேசவில்லை. மூன்றாம் முறை வந்தபோது, "எங்கப்பா செத்துப்போன ரூம்லதான் மேடம் நாங்க நாலு பேரும் படுக்குறோம்" என்றான். ஒற்றை அறை வீடு. அப்பா தற்கொலை செய்துகொண்ட அறையிலேயே இரவு விளக்கை அணைத்துப் படுக்க வேண்டும். கஞ்சா அவனைத் தூங்க வைத்தது.

உணவு டெலிவரி ஓட்டும் இளைஞர் ஒருவர் 'ஐஸ்' என்று தெருவில் விற்கும் மெத்தாம்பெட்டமைன் எடுத்தார். விடிய விடியத் தூக்கம் வராது, பசிக்காது, வண்டித் தவணை கட்டிவிடலாம். ஒரு பெண் வந்தார். கணவன் குடித்துவிட்டு வரும் இரவுகளைத் தாண்ட அவருக்குத் தூக்க மாத்திரை வேண்டியிருந்தது. பெண்கள் எங்களிடம் மிகக் குறைவாகத்தான் வருகிறார்கள். எடுப்பவர்கள் குறைவு என்பது மட்டும் அதற்குக் காரணமல்ல. வெளியே தெரிந்தால் வீட்டுக்குள் இடமிருக்காது என்று அவர்களுக்குத் தெரியும்.

இவர்களில் யாரும் கெட்டுப்போக வேண்டும் என்று தொடங்கவில்லை. தாங்க முடியாத ஒன்றைத் தாங்குவதற்குக் கைக்குக் கிடைத்ததை எடுத்தார்கள். நண்பர்களோடு விளையாட்டாகத் தொடங்கியவர்களும் உண்டு. ஆனால் விளையாட்டாகத் தொடங்கிய பத்துப் பேரும் மாட்டிக்கொள்வதில்லை. யார் வாழ்க்கையில் அதற்குப் பார்க்க ஒரு வேலை காத்திருந்ததோ அவரிடம் அது தங்கிவிடுகிறது.

அதற்குப் பிறகு நடப்பது உடம்புக் கணக்கு. வலியைத் தணிக்க நம் உடம்பே எண்டார்ஃபின்களைச் சுரக்கிறது. அவை மூளையிலும் முதுகுத்தண்டிலும் போய் ஒட்டுவதற்கென்று இடங்கள் இருக்கின்றன. ஹெராயினும், டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளும் அதே இடங்களில் போய் ஒட்டுகின்றன. வலி அடங்கும், பயம் அடங்கும். கூடவே டோபமைன் என்ற மூளை ரசாயனம் பெருகி, இதைத் திரும்பச் செய் என்று மூளையில் பதிந்துவிடும். தொடர்ந்து போடப் போட உடம்பு அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். பழைய அளவு போதாது. நிறுத்தினால் நிற்க முடியாது. தொடக்கத்தில் சந்தோஷத்துக்காகப் போட்டவர், சில மாதங்களில் காலையில் எழுந்து பல் தேய்ப்பதற்காகப் போடுகிறார். "நினைச்சா விட்டுடலாம்ல?" என்று வீட்டில் கேட்பது இந்தக் கட்டத்தில்தான். நினைக்கிற உறுப்பே பாதிக்கப்பட்டிருக்கிறது. திட்டமிடவும் தன்னை அடக்கிக்கொள்ளவும் உதவும் மூளையின் முன்பகுதி 25 வயதுவாக்கில்தான் முழுமையாக முதிர்கிறது. எங்களிடம் வருபவர்களில் பலர் அந்த வயதைத் தொடாதவர்கள்.

என் மூத்த சகாக்கள் இந்த நகரத்தில் போதை மாறி வந்த வரலாற்றைச் சொல்வார்கள். 1980களில் பிரவுன் சுகர் என்ற ஹெராயின் பவுடர் வந்தது. வெள்ளித் தாளில் வைத்துச் சூடாக்கிப் புகையை இழுத்தார்கள். 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. 1990களில் பவுடர் கிடைக்காதபோது மருந்துக் கடையில் கிடைத்த பூப்ரெனார்ஃபின் என்ற வலி மருந்தை ஊசியாகப் போட்டுக்கொண்டார்கள். ஒரே ஊசி பல கைகளுக்குப் போனது, எச்.ஐ.வி.யும் கூடவே போனது. பிறகு டிராமடால் என்ற வலி மாத்திரை வந்தது. 2018இல் அதைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்த பிறகு தெருவில் டேபென்டடால் பரவியதை நானே பார்த்தேன். வாயால் விழுங்க வேண்டிய மாத்திரையை இளைஞர்கள் நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரையைக் கெட்டியாக்கச் சேர்க்கும் பொருட்கள் இரத்தத்தில் கரைவதில்லை. அவை நுண்குழாய்களை அடைத்துக்கொள்ளும். கை வீங்கி, சீழ் பிடித்து, விரல் கறுத்து வருகிறவர்களைப் பார்க்கிறோம். ஒரு பொருளை அடைத்தால் அடுத்தது வருகிறது. அது பார்க்க வேண்டிய வேலை தெருவில் அப்படியே கிடப்பதால்தான் வருகிறது.

இந்த வரலாற்றில் எனக்கு நம்பிக்கை தரும் பகுதி ஒன்று உண்டு. அன்று ஊசியில் ஏறிக் கேடு செய்த அதே பூப்ரெனார்ஃபின் இன்று மருந்தாகப் பயன்படுகிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில், ஊசி போடுகிறவர்களுக்கு அதை நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையாக, ஊழியர் கண்முன்னே கொடுக்கிறார்கள். அளவு தெரியும், ஊசி கிடையாது, திருட வேண்டியதில்லை, உடம்பு முறிக்காது. காலையில் வந்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகலாம். உலக சுகாதார நிறுவனம் 2005இல் மெத்தடோனையும் பூப்ரெனார்ஃபினையும் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. "ஒரு போதையை எடுத்துட்டு இன்னொரு போதையா மேடம்?" என்று அப்பாக்கள் கோபப்படுவார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: உங்கள் மகன் காலையில் எழுந்து குளித்துச் சாப்பிட்டு வேலைக்குப் போய், சம்பளத்தை வீட்டில் கொடுத்தால் அதை என்னவென்று சொல்வீர்கள்? மாதங்களோ வருடங்களோ அந்த மருந்தில் இருந்து, வாழ்க்கை ஊன்றிய பிறகு மருத்துவர் மெல்லக் குறைப்பார். அவசரப்பட்டு நிறுத்தச் சொல்லும் குடும்பங்களில்தான் பழையது திரும்புகிறது.

நிறுத்தும்போது என்ன நடக்கும் என்று குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். ஹெராயின் எடுத்தவருக்குக் கடைசியாகப் போட்டு 8 முதல் 12 மணி நேரத்தில் தொடங்கும். விடாமல் கொட்டாவி வரும், மூக்கும் கண்ணும் ஒழுகும், மயிர் கூச்செறியும். பிறகு காலுக்குள் யாரோ முறுக்குவதுபோல வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமே இல்லாத இரவுகள். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம். ஒரு வாரம், பத்து நாளில் அடங்கும். மருந்து இருந்தால் இந்த வேதனையைப் பெருமளவு குறைக்கலாம். அறைக்குள் பூட்டி வைத்துக் கதறவிட வேண்டிய தேவையே இல்லை. ஆனால் மதுவையோ தூக்க மாத்திரையையோ பல காலம் அதிகமாக எடுத்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், நினைவு குழம்பலாம், உயிரே போகலாம். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் ஐயப்பனுக்கு மாலை போட்ட அன்று ஒரே நாளில் நிறுத்தி, இரண்டு நாளில் வலிப்பு வந்து மருத்துவமனைக்கு ஓடிய குடும்பங்களை எனக்குத் தெரியும். மாலை போடுவதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். 'ஐஸ்' எடுத்தவர் நிறுத்தினால் நாள்கணக்கில் தூங்குவார், நிறையச் சாப்பிடுவார். பிறகு மனம் இருண்டு போகும்; சாவு பற்றிய நினைப்பு வரும். அவரைத் தனியாக விடக் கூடாது.

இனி அம்மாக்களிடம் நான் பேசுவதைச் சொல்கிறேன். பையன் வராமல் அம்மா மட்டும் வந்தால் சும்மா திருப்பி அனுப்ப மாட்டோம். அன்றே வேலையைத் தொடங்குவோம். அமெரிக்காவில் ராபர்ட் மேயர்ஸ் என்ற உளவியலாளர் குடும்பத்தினருக்கென்று ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார். சிகிச்சைக்கு வரவே மாட்டேன் என்றவர்களின் குடும்பங்களுக்கு அந்தப் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர் பின்னர் சிகிச்சைக்கு வந்தார்கள். கத்தியோ கெஞ்சியோ வரவழைக்க முடியாதவர்களை, வீட்டின் நடத்தை மாறியதே வரவழைத்தது. அதிலிருந்தும் எங்கள் தெருக்களின் அனுபவத்திலிருந்தும் நான் சொல்லிக்கொடுப்பவை இவை.

பேசுவதற்கு நேரம் பாருங்கள். போதை ஏறியிருக்கும்போது பேசாதீர்கள். இறங்கி உடம்பு முறிக்கும்போதும் பேசாதீர்கள். சாப்பிட்டு முடித்து, வீட்டில் கூட்டம் இல்லாத நேரத்தில், தனியாகப் பேசுங்கள். மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன் என்று பத்துப் பேரைக் கூட்டிப் பஞ்சாயத்து வைத்தால் பையன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் சரி என்பான். அன்று இரவே போடுவான். "குடும்ப மானத்தையே வாங்கிட்டே" என்று தொடங்காதீர்கள். நீங்கள் கண்ணால் பார்த்ததையும் உங்களுக்கு ஏற்பட்டதையும் மட்டும் சொல்லுங்கள்: "நேத்து ராத்திரி நீ தங்கச்சி மேல தட்டை வீசுன. எனக்குப் பயமா இருந்துச்சு. உன்னை நினைச்சு எனக்குத் தூக்கமே இல்லடா." சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அடுத்து அவன் என்ன சொல்கிறான் என்று கேளுங்கள். பாதியில் வெட்டாமல் கேட்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

தலையில் அடித்துச் சத்தியம் வாங்காதீர்கள். அவன் அதை மீறும் நாளில் குற்ற உணர்ச்சி தாங்காமல் இரட்டிப்பாகப் போடுவான். உங்கள் முகத்தில் விழிக்கவும் வெட்கப்படுவான். காசு கையில் கொடுக்காதீர்கள். சோறு போடுங்கள், துணி வாங்கிக் கொடுங்கள், கட்ட வேண்டிய பணத்தை நீங்களே நேரில் போய்க் கட்டுங்கள். அவன் வாங்கிய கடனை ஊர் வாய்க்குப் பயந்து அடைக்காதீர்கள். வேலைக்குப் போகாத நாளில் மேஸ்திரிக்கு போன் போட்டு "காய்ச்சல்" என்று பொய் சொல்லாதீர்கள். விளைவு அவனிடமே போய்ச் சேரட்டும். அதே நேரம், அவன் தெளிவாக இருக்கும் நாளை வீணாக்காதீர்கள். அன்றைக்குப் பழைய கணக்கைப் பேசாமல் அவனுக்குப் பிடித்த மீன் குழம்பை வையுங்கள், பக்கத்தில் உட்காருங்கள், "நீ இப்படி இருந்தா வீடே நல்லா இருக்குடா" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் வீடுகளில் திட்டுவதற்கு நூறு வார்த்தை இருக்கிறது. நன்றாக இருக்கும் நாளில் ஒரு வார்த்தை வருவதில்லை.

கை நீட்டினால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். அந்த இடத்தைவிட்டு வெளியேறுங்கள். பெண்களுக்கான 181 எண்ணை அழையுங்கள். நோய் என்பதால் அடி வாங்க வேண்டியதில்லை. இன்னொன்றை நான் கையெடுத்துக் கும்பிட்டே சொல்கிறேன்: கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அந்தப் பெண் யார் வீட்டுப் பிள்ளையோ. அவள் நகையும் அவள் தூக்கமும் போகும். உங்கள் மகனுக்கு ஒன்றும் மாறாது.

எங்கே சேர்ப்பது என்பது அடுத்த கேள்வி. எய்ம்ஸ் மருத்துவர்கள் மத்திய சமூக நீதித் துறைக்காக நாடு முழுவதும் நடத்தி 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, ஹெராயின், டேபென்டடால் போன்ற ஓபியாய்டு வகைப் போதையால் உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் சுமார் 77 லட்சம் பேர். சட்டவிரோதப் போதைக்கு அடிமையானவர்களில் 20 பேரில் ஒருவருக்குத்தான் மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெறும் வாய்ப்பு கிடைத்திருந்தது. அந்த இடைவெளியில்தான் தகுதியில்லாத மையங்கள் முளைக்கின்றன. இரவில் வேன் வரும், நாலு பேர் இறங்கி பையனை அமுக்கித் தூக்கிக்கொண்டு போவார்கள், மூன்று மாதம் போனில்கூடப் பேச விட மாட்டார்கள். அப்படி ஓர் இடத்திலிருந்து வந்த இளைஞரின் முதுகில் தழும்புகளைப் பார்த்திருக்கிறேன். அவர் கற்றுக்கொண்டு வந்தது ஒன்றுதான்: இனி வீட்டில் யாரையும் நம்பக் கூடாது.

அதனால் சேர்ப்பதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். மனநல மருத்துவர் வருகிறாரா, எந்தக் கிழமை வருகிறார் என்று கேளுங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே இருப்பவர்களோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். தயங்கினால் அந்த இடம் வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் போதையால் வரும் பாதிப்புகளையும் சேர்த்துத்தான் பேசுகிறது. சிகிச்சை என்ற பெயரில் யாரையும் சங்கிலியால் கட்டுவதை அது தடை செய்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் இதற்குச் சிகிச்சை கிடைக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற தேசிய உதவி எண்ணிலோ, 14416 என்ற மனநல உதவி எண்ணிலோ கேளுங்கள்.

"போலீஸ்ல புடிச்சுக் குடுத்துடுவாங்களா மேடம்?" என்ற பயத்தில் மாதக்கணக்கில் மறைக்கும் குடும்பங்கள் உண்டு. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு இதற்காகவே இருக்கிறது. போதை எடுத்ததற்காகவோ சிறு அளவில் வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட ஒருவர், தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொண்டால், அவர்மீது வழக்கு நடத்தப்படாது. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பயப்படுகிறவர்களுக்கு இந்தப் பிரிவை நான் நிதானமாக விளக்குவேன்.

சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிற நாள்தான் எனக்கு மிகவும் கவலையான நாள். அன்று குடும்பம் மாலையோடு நிற்கும், இனிப்பு கொடுக்கும். நான் அவர்களை உட்காரவைத்து ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். சில வாரம் போடாமல் இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. முன்பு தினமும் போட்ட அதே அளவு, இப்போது உயிரை எடுத்துவிடும். சிகிச்சை முடிந்து வரும்போதும் சிறையிலிருந்து வெளியே வரும்போதும்தான் இப்படிச் சாவுகள் அதிகம் நடக்கின்றன. எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாக விட்டு விட்டு வருகிறது, தொண்டையில் குறட்டைபோலக் கரகரக்கிறது, உதடு நீலம் பாய்கிறது, கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது என்றால் அது தூக்கம் இல்லை. உடனே 108 கூப்பிடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோரோ எலுமிச்சைச் சாறோ வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். மூச்சு நின்றுவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். மருத்துவமனையில் நலாக்சோன் என்ற மருந்து சில நிமிடத்தில் மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும். என்ன போட்டான் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்; மானத்தைக் காப்பாற்றப் போய் மகனை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

திரும்ப ஒருமுறை போட்டுவிட்டால் எல்லாம் வீண் என்று நினைக்கிறார்கள். இந்த நோயில் 40 முதல் 60 சதவீதம் பேருக்கு மறுபடி வருகிறது. இரத்தக் கொதிப்பிலும் ஆஸ்துமாவிலும் இருப்பது போன்ற அளவுதான். இரத்தக் கொதிப்பு ஏறினால் மருந்தை மாற்றிப் பார்க்கிறோம், அவரைத் துரத்துவதில்லை. மறுபடி வந்தவரிடம் நான் பழைய கேள்வியைத்தான் கேட்பேன்: எந்த வேலைக்கு அது திரும்பத் தேவைப்பட்டது?

இடத்தின் பங்கு இதில் பெரிது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை 1970களில் லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்து பார்த்தார். அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீரர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். ஊர் திரும்பிய முதல் வருடத்தில் அவர்களில் மிகச் சிலரே, 5 சதவீதம் அளவுக்குத்தான், மறுபடி அடிமையானார்கள். போரின் பயமும் காத்திருப்பும் அவர்களுக்குப் பின்னால் போய்விட்டன. போதைக்குப் பார்க்க வேலை இல்லாமல் போனது. எங்கள் பையன்களுக்கு அந்த வசதி கிடையாது. அவர்கள் அதே தெருவுக்கு, அதே முனைக்கு, அதே கயிற்றுப் பலகைக்குத் திரும்புகிறார்கள். போர் அவர்களுக்கு முடியவில்லை.

ஆகவே விட வைப்பதைவிட, விட்ட இடத்தில் எதை வைப்பது என்பதில்தான் எங்கள் உழைப்பு அதிகம் போகிறது. இதை நான் சபரிமலைக்குப் போகிறவர்களிடமிருந்தும் கற்றுக்கொண்டேன். வீட்டில் யார் சொல்லியும் விடாதவர் மாலை போட்டதும் ஒரு மண்டலம் தொடாமல் இருக்கிறார். ஏன் என்று பார்த்தேன். விடியற்காலை குளியல், இரண்டு வேளை பூஜை, கூட்டாகச் சாப்பாடு, கூட்டாகப் பாட்டு என்று நாள் முழுக்க ஒழுங்கு இருக்கிறது. நேற்று வரை "டேய்" என்று கூப்பிட்டவர்கள் அவரைச் "சாமி" என்கிறார்கள். மாலையைக் கழற்றிய மறுநாள் இவை எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன. அவரும் பழைய இடத்துக்குப் போய்விடுகிறார். மரியாதையும் கூட்டமும் நேர ஒழுங்கும் மண்டலத்தோடு முடியாமல் இருந்தால் அவர் நிலைப்பார். போதையிலிருந்து மீள்கிறவர்கள் கூடும் நார்கோடிக்ஸ் அனானிமஸ், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் கிடைப்பதும் அதுதான். நீ சொல்வது எனக்குத் தெரியும் என்று சொல்லக்கூடிய பத்துப் பேர் நடுவே வட்டமாக உட்காருவது, எங்கள் ஆலோசனை அறை தர முடியாத ஒன்று.

அந்தப் பெயின்டர் இப்போது வீடுகளின் உள்சுவருக்கு அடிக்கிறார். கூலி குறைவு. ஆனால் பயத்தை அடக்க எதுவும் தேவைப்படவில்லை. அவரது பழைய மேஸ்திரியே அந்த வேலையைக் கொடுத்தார். முதல் மாதங்களில் சம்பளத்தைப் பெயின்டர் கையில் கொடுக்காமல் அவருடைய தங்கையின் வங்கிக் கணக்கில் போட்டார். இடுப்பு வலிக்கு முறையான சிகிச்சை நடக்கிறது. கஞ்சா எடுத்த பையனின் அம்மா வேறு தெருவில் வாடகைக்கு வீடு பார்த்தார். பையன் அப்பாவைப் பற்றி எங்களிடம் மாதக்கணக்கில் பேசினான். வீடு மாறியதும் பேசியதும் சேர்ந்துதான் அவனைத் தூங்க வைத்தன. டெலிவரி இளைஞர் இரண்டு முறை திரும்ப எடுத்தார், மூன்றாவது முறை சிகிச்சையில் இருக்கிறார். வண்டிக் கடன் தீராதவரை அவருக்கு நாங்கள் செய்வது பாதி வேலைதான் என்று எங்களுக்குத் தெரியும்.

மீண்டு பல வருடம் ஆனவர்களிடம், எது உங்களைக் காப்பாற்றியது என்று கேட்பேன். மருந்தை அவர்கள் சொல்வார்கள், எங்களையும் சொல்வார்கள். ஆனால் நீண்ட நேரம் பேசுவது வேறு ஒருவரைப் பற்றி: சாவியை நம்பிக் கொடுத்த கடைக்காரர், குழந்தையைத் தூக்கச் சொன்ன அக்கா, திரும்பவும் கிரிக்கெட் அணியில் சேர்த்துக்கொண்ட தெருப் பையன்கள். ஆகவே முதலாளிகளிடமும் பள்ளிகளிடமும் தெருக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். போதை எடுத்தான் என்பதற்காக ஒரு மாணவனைப் பள்ளியிலிருந்து நீக்கும்போது அவனுக்கு மிச்சமிருந்த ஒரே நல்ல கூட்டத்தையும் பறிக்கிறீர்கள். சிகிச்சை முடித்து வந்தவருக்கு வேலை மறுக்கும்போது, மாத்திரை பார்த்த வேலையை அதனிடமே திருப்பிக் கொடுக்கிறீர்கள். உடம்பைத் தேற்றுவது எங்கள் பொறுப்பு; அதை நாங்கள் செய்கிறோம். அவருக்கு ஒரு வேலையும் ஒரு கூட்டமும் பெயர் சொல்லிக் கூப்பிடும் நாலு பேரும் வேண்டும். அதை நீங்கள்தான் கொடுக்க முடியும்.